நாமும் நாங்களும்: படக்கருவி யார் கையில்?



ஆய்வாளர் கேட்பார், மக்கள் சொல்வார்கள். ஆய்வாளர் படம் எடுப்பார், மக்கள் நிற்பார்கள். ஆய்வுலகின் நெடுங்கால வழக்கம் இதுவே. இவ்வழக்கை மாற்ற முனைந்த ஒரு முறை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக உலகின் பல பகுதிகளில் வளர்ந்து வந்திருக்கிறது. ஆய்வுக்கு உட்படும் மக்களிடமே படக்கருவியைக் கொடுத்து, அவர்கள் எடுக்கும் ஒளிப்படங்களையும் காணொளிகளையும் அவர்களோடு அமர்ந்து பார்த்து, பேசி, அதன்வழி அறிவைத் திரட்டுவது அம்முறை. இதனைப் பங்கேற்புக் காட்சி ஆய்வு என்று சொல்லலாம். கைப்பேசி எல்லார் கையிலும் வந்துவிட்ட இந்நாளில், இது பல்கலைக்கழகத்துக்கு மட்டும் உரியதன்று. உங்கள் வகுப்பு மாணவர் ஒருவர் தம் பாட்டியின் தோட்டத்து வாழ்வைக் காணொளியாக்கிக் கொண்டுவந்து தந்தால், அவரும் அம்முறையின் வாசலில் நிற்கிறார் என்றே பொருள்.

இன்று நாங்கள் எழுப்ப விரும்பும் வினா ஒன்றுதான். கருவி கைமாறினால் அதிகாரமும் கைமாறிவிடுகிறதா? மொழியியல் படித்தவர்களுக்கு இவ்வினாவில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். இதற்கு விடை காண உதவும் ஓர் அளவுகோல் நம் மொழியின் இலக்கணத்திலேயே இருக்கிறது. அதனை முதலில் எடுத்துக்கொள்வோம்.

இரண்டு தன்மைப் பன்மைகள்

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு பெயர்கள் உள்ளன. 'நாம்' என்றால் கேட்பவரும் அதில் அடக்கம்; 'நாங்கள்' என்றால் கேட்பவர் அதற்கு வெளியே நிற்கிறார். "நாம சாப்பிடலாம்" என்று வீட்டார் சொன்னால் விருந்தாளி கை கழுவப் போவார். "நாங்க சாப்பிட்டோம்" என்றால் அவர் விடைபெற எழுவார். தெலுங்கில் மனமு, மேமு என்றும், மலையாளத்தில் நம்மள், ஞங்ஙள் என்றும் இவ்வேறுபாடு உண்டு. நாம் நாள்தோறும் பேசும் மலாய் மொழியிலும் கித்தா, காமி என இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆய்வு அறிக்கைகளின் பெரும்பகுதி அந்த ஒரே சொல்லில் எழுதப்படுகிறது என்பதை நினைவில் இருத்துங்கள்.

பழைய இலக்கணத்தார் இவ்வேறுபாட்டைப் பெயரோடு நிறுத்தாமல் வினைமுற்றிலும் கண்டனர். நன்னூலார் கணக்கின்படி அம், ஆம் என்னும் விகுதிகள் முன்னிலையாரை உளப்படுத்தும். எம், ஏம், ஓம் என்பவை படர்க்கையாரை உளப்படுத்தும். அதாவது, வினைச்சொல் ஒன்றைக் கேட்ட மாத்திரத்தில் 'இதில் நானும் உண்டா?' என்று கேட்பவர் அறிந்துகொள்ள வழி இருந்தது. இன்றைய தமிழில் ஓம் விகுதி ஒன்றே இரண்டு வேலையையும் செய்கிறது. 'நாம் வந்தோம்' என்கிறோம். 'நாங்கள் வந்தோம்' என்றும் சொல்கிறோம். எழுவாயை விட்டுவிட்டு 'வந்தோம்' என்று மட்டும் எழுதினால், யார் உள்ளே, யார் வெளியே என்பது தெரியாது.

பங்கேற்பு ஆய்வு அறிக்கைகளில் வரும் வினைகளைக் கவனியுங்கள். 'படம் எடுத்தோம், தேர்ந்தெடுத்தோம், பொருள் கண்டோம், வெளியிட்டோம்.' இவ்வினைகள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் நேர்மையாக எழுவாயை இட்டுப் பார்த்தால் என்ன ஆகும்? 'நாம் படம் எடுத்தோம், நாங்கள் தேர்ந்தெடுத்தோம், நாங்கள் பொருள் கண்டோம், நாங்கள் வெளியிட்டோம்' என்று வரலாம். முதல் வினையில் உள்ளே இருந்த மக்கள் இரண்டாவது வினைக்குள் வெளியேறிவிட்டார்கள். அதிகாரம் எங்கே தங்கியிருக்கிறது என்பதை இந்தச் சிறு மாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். இவ்வுரையில் 'நாம்' என்று நாங்கள் சொல்லும்போது இவ்வரங்கில் உள்ள அனைவரையும், 'நாங்கள்' என்னும்போது எங்கள் ஆய்வுக் குழுவையும் குறிக்கிறோம் என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

சட்டகத்துக்குள் நின்றவர்கள்

கருவி கைமாறுவதற்கு முன்பிருந்த நிலையைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்னும் ஒளிப்படத் தொகுப்பு எட்டுத் தொகுதிகளாக இலண்டனில் வெளிவந்தது. ஆட்சிசெய்வோர் தம் குடிகளை இன்ன சாதி, இன்ன இனம் என வகைப்படுத்தி அறிந்துகொள்ள உதவிய நூல் அது. 1869-இல் ஜான் லாம்ப்ரே என்பவர், பட்டு நூலால் சதுரம் சதுரமாகக் கட்டிய சட்டகத்தின் முன் மனிதரை ஆடையின்றி நிறுத்திப் படமெடுத்து உடலை அளக்கும் முறையை முன்வைத்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுகோலும் படக்கருவியும் கொண்டு தென்னிந்திய மக்களை ஆராய்ந்தார். ரங்காச்சாரியின் துணையுடன் அவர் எழுதிய 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்தது. அப்படங்களில் உள்ள முகங்களுக்குக் கீழே பெரும்பாலும் ஓர் இனப்பெயர்தான் இருக்கும். ஆளின் பெயர் இராது.

மலாயாவுக்கு வந்த நம் முன்னோர்க்கும் இதுவே நேர்ந்தது. சிங்கப்பூரில் இயங்கிய ஜி. ஆர். லாம்பர்ட் போன்ற ஒளிப்பட நிறுவனங்கள் இவ்வட்டாரத்து மக்களைப் படமெடுத்து விற்றன. அக்காலத்துப் படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் தமிழர்க்குக் கீழே 'கூலி' என்றோ, இன்று இழிசொல்லாக நாம் கருதும் 'கிளிங்' என்றோ அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். அப்பெயரைச் சூட்டியவர் வேறு, சுமந்தவர் வேறு.

எங்கள் துறையும் இதில் தூய்மையானதன்று. கிரியர்சன் நடத்திய இந்திய மொழி அளவாய்வில் மொழிதோறும், கிளைமொழிதோறும் விவிலியத்தின் ஊதாரி மைந்தன் கதையை மொழிபெயர்க்கச் செய்து மாதிரி திரட்டினர். ஒப்பிடுவதற்கு அது வசதி. உள்ளூர்க் கதை ஒன்றையும் சேர்த்துக் கேட்டார்கள் என்பதை மறைக்கக் கூடாது. ஆயினும் முதலில் எதைப் பேசவேண்டும் என்பதைப் பேசுபவர் தீர்மானிக்கவில்லை. ஆய்வின் முதல் அதிகாரம், பேசுபொருளைத் தேர்கின்ற அதிகாரமே.

கருவி கைமாறிய கதை

1966-ஆம் ஆண்டுக் கோடையில் சோல் வொர்த், ஜான் அடேர் ஆகிய இருவர் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பைன் ஸ்பிரிங்ஸ் என்னும் இடத்திற்குச் சென்றனர். அங்குள்ள நவஹோ பழங்குடியினர் சிலருக்குத் திரைப்படக் கருவியை இயக்கவும் படச்சுருளை வெட்டி ஒட்டவும் கற்றுக்கொடுத்து, எதை எடுப்பது என்பதை அவர்களிடமே விட்டனர். நெசவைப் பற்றி ஒரு பெண் எடுத்த படத்தின் பெரும்பகுதியில் தறியில் நெய்வதைக் காணமுடியாது. ஆட்டு மயிர் கத்தரிப்பதும், சாயத்துக்குச் செடி தேடி நடப்பதும், நூல் நூற்பதுமே அதிகம். வெளியார் எடுத்திருந்தால் தறியில் தொடங்கித் தறியில் முடித்திருப்பார். உள்ளிருப்பவர்க்கு நெசவு என்பது தறிக்கு நெடுந்தொலைவு முன்பே தொடங்கிவிடுகிறது.

அவ்வாய்வு தொடங்குமுன் ஊர்ப் பெரியவர் ஒருவர், படமெடுத்தால் தங்கள் ஆடுகளுக்குத் தீங்கு நேருமா என்று கேட்டதாக ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். நேராது என்றனர். நன்மை ஏதும் நேருமா என்றார். அதுவும் நேராது என்றனர். பின் எதற்காக எடுக்க வேண்டும் என்றாராம் பெரியவர். ஆய்வாளர்கள் அக்கேள்வியை மறைக்காமல் பதிவு செய்தது அவர்களின் நேர்மை. ஆனால் 1972-இல் அவ்வாய்வு நூலாக வந்தபோது அட்டையில் இருந்தவை ஆய்வாளர் இருவரின் பெயர்களே. படம் எடுத்தது 'நாம்'. நூல் எழுதியது 'நாங்கள்'.

அடுத்த ஆண்டே, 1967-இல், கனடாவின் ஃபோகோ தீவில் வேறொரு முயற்சி நடந்தது. மீனவர் வாழ்ந்த அத்தீவைக் காலிசெய்து மக்களை வேறிடத்தில் குடியேற்றும் எண்ணம் அரசுக்கு இருந்தது. தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த கோலின் லோ அங்கு சென்று பல குறும்படங்களை எடுத்தார். கருவி மக்கள் கையில் இல்லை. ஆயினும் எடுத்த படங்களை முதலில் அவர்களுக்கே போட்டுக்காட்டினர். அவர்கள் இசைந்த பின்னரே அவை வெளியே போயின. ஓர் ஊரார் சொன்னதை மற்றோர் ஊரார் கேட்டனர், அரசினரும் கேட்டனர். தீவு காலியாகவில்லை; மீனவர் கூட்டுறவு ஒன்றும் உருவாயிற்று. நவஹோவில் கருவி கைமாறியது. ஃபோகோவில் வெளியிடும் உரிமை கைமாறியது. இவ்விரண்டும் வெவ்வேறானவை என்பது மாணவர்கள் மனங்கொள்ள வேண்டிய செய்தி.

இந்தியாவில் 1984-இல், அகமதாபாத்தில் இயங்கிய சேவா என்னும் சுயதொழில் பெண்கள் சங்கம் தன் உறுப்பினர்களுக்குக் காணொளிப் பயிற்சி அளித்தது. காய்கறி விற்ற பெண்களும், எழுதப் படிக்க அறியாதவர்களும் படக்கருவியை இயக்கினர். அப்படங்களைச் சங்கமே தன் பயிற்சிக்கும் தன் வாதங்களுக்கும் பயன்படுத்திக்கொண்டது. எடுத்தவர், பார்த்தவர், காத்தவர் என மூவரும் பெரும்பாலும் ஒரே சங்கத்தார்.

1990-களில் சீனாவின் யுன்னான் மாநிலத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் ஆகியோர் சிற்றூர்ப் பெண்கள் 62 பேருக்கு ஒளிப்படக் கருவிகள் அளித்தனர். தங்கள் உடல்நலத்தையும் வாழ்வையும் பற்றி அப்பெண்கள் எடுத்த படங்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை, மருத்துவச்சிப் பற்றாக்குறை போன்றவற்றை அதிகாரிகளின் கண்முன் கொண்டுவந்தன. 'ஒளிப்படக் குரல்' என்று பெயர்பெற்ற அம்முறையை இன்று பல நாடுகளில் கையாள்கின்றனர். அதன் சிறப்பு, முடிவெடுக்கும் அதிகாரிகளையும் பார்வையாளராக அமர்த்தியது. அதன் வரம்பு, ஆய்வின் பரப்பை ஒரு நலத்திட்டம் முன்பே வரைந்திருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கொல்கத்தாவின் சோனாகாச்சியில் பாலியல் தொழில்புரியும் பெண்களின் பிள்ளைகளிடம் கேமராக்களைக் கொடுத்துப் பயிற்சியளித்ததைக் காட்டும் 2004-ஆம் ஆண்டு ஆவணப்படம், அடுத்த ஆண்டு ஆஸ்கர் விருது பெற்றது. பிள்ளைகளின் படங்களில் அழகும் துணிவும் இருந்தன. ஆனால் அவர்களின் தாய்மார் இழிவாகக் காட்டப்பட்டனர் என்றும், தம் உரிமைக்காக அப்பெண்கள் அமைப்பாகத் திரண்டு செய்துவந்த பணிகள் படத்தில் இல்லை என்றும் கண்டனம் எழுந்தது. பிள்ளைகளின் படங்களைத் தன்னுள் வைத்துச் சொல்லப்பட்ட பெரிய கதை பிள்ளைகளுடையதன்று.

தமிழ்நாட்டில் இன்று நடப்பது இவ்வரிசையில் தனித்துக் குறிப்பிடத்தக்கது. மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த எம். பழனிக்குமார், மீன் விற்ற தாயின் மகன். 2017-இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். துப்புரவுப் பணியாளர், மீனவர் போன்றோரின் பிள்ளைகளுக்கு அவர் ஒளிப்படம் எடுக்கக் கற்றுக்கொடுத்து வருகிறார். கற்றுக்கொடுப்பவரும் கற்பவரும் உழைக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர்களாக இருக்கும்போது 'நாம்' என்னும் சொல்லுக்குப் பொய்யில்லாத ஒரு பொருள் கிடைக்கிறது.

எங்கள் தவறு ஒன்று

பிறர் ஆய்வுகளை எடைபோட்டுவிட்டு எங்களுடையதை மறைப்பது முறையன்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, தோட்டத் தமிழின் தொழிற்சொற்களைத் திரட்டுவதற்காக நாங்கள் மூவர் ஜொகூரின் ரப்பர்த் தோட்டம் ஒன்றுக்குக் காணொளிக் கருவியுடன் சென்றோம். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி, நாங்கள் வருவதறிந்து நல்ல சேலை உடுத்தி, பூ வைத்து, மகனின் பட்டமளிப்புப் படம் மாட்டியிருந்த சுவரருகே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். எங்களுக்கு வேண்டியவை மங்கு, வாளி, ஒட்டுப்பால், பெரட்டு ஆகிய சொற்கள். ஆகவே, வேலைக்குப் போகும் பழைய உடுப்பை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, மரத்தடிக்கு வரும்படி கேட்டோம். அவரும் மறுக்காமல் வந்தார். வெட்டிக் காட்டினார், சொற்களைச் சொன்னார்.

புறப்படும்போது கேட்டார்: "ஐயா, இத யாரு பாப்பாங்க?"

"படிச்சவங்க பாப்பாங்க, பாட்டி" என்றோம்.

"அப்ப நல்ல சீலையிலேயே எடுத்திருக்கலாமே" என்றார்.

அன்று அதை நாங்கள் வேடிக்கையாக எடுத்துக்கொண்டோம். பல ஆண்டுகள் கழித்து அவர் மறைந்தபோது, அவரின் பேத்தி எங்களைத் தேடிவந்து, பாட்டி பேசுவதும் நடப்பதும் உள்ள படம் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது, ஒரு பிரதி தாருங்கள் என்றார். நாங்கள் பணிபுரிந்த இடத்தில் அந்த நாடா எங்கு வைக்கப்பட்டது என்றே தெரியவில்லை. தேடிக் கண்டெடுத்த சில நாடாக்களும் பூஞ்சை பிடித்து ஓடாமல் போயின. அவர் சொன்ன சொற்கள் எங்கள் பட்டியலில் இன்றும் இருக்கின்றன. அவர் முகம் அவர் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை.

நாங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. இசைவு கேட்டுத்தான் எடுத்தோம். ஆனால் என்ன பொருள், எந்த உடை, எந்த இடம், எது தேவை, யார் வைத்துக்கொள்வது என்னும் அத்தனையையும் நாங்களே முடிவு செய்தோம். தமிழில் 'படம் எடுத்தல்' என்கிறோம். 'படம் பிடித்தல்' என்றும் சொல்கிறோம். எடுத்ததைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்கு அன்று தோன்றவில்லை.

கைப்பேசிக் காலம்

பணி ஓய்வுக்குப் பின், இவ்வட்டாரத்து இடைநிலைப் பள்ளி மாணவர் சிலருடன் அதே தலைப்பை மீண்டும் எடுத்தோம். இம்முறை கருவி கைப்பேசி. மாணவர் தத்தம் வீட்டு முதியோரைப் படமெடுத்து வரவேண்டும் என்பது ஏற்பாடு. முதலில் வந்த காணொளிகளைப் பார்த்தபோது எங்கள் பழைய நாடாவே திரும்பி வந்ததுபோல் இருந்தது. பேரன் கேட்கிறான், தாத்தா சொல்கிறார்; பாட்டி பக்கத்தில் இருந்தும் வாய் திறப்பதில்லை. கருவி ஆய்வாளர் கையிலிருந்து பேரன் கைக்குப் போயிருந்ததே தவிர, முதியவர் இருந்த இடம் மாறவில்லை.

ஒரு பாட்டிதான் அதை மாற்றினார். "குடு, நா எடுக்குறேன்" என்று பேத்தியிடமிருந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டு, செம்பனை நட்டிருந்த ஒரு மேட்டைக் காட்டி, அங்கு முன்பிருந்த லயத்தின் வீடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். முதல் வீடு இன்னார், அடுத்தது இன்னார், இங்கே ஆயாக்கொட்டகை, இங்கே குழாயடி. திரையில் செம்பனையைத் தவிர வேறெதுவும் இல்லை. நாங்கள் கேட்டிருந்த தொழிற்சொற்கள் அதில் மிகச் சிலவே. ஆனால் அங்கு வாழ்ந்தவர்கள் தம் இடத்தை எப்படிப் பெயரிட்டு வழங்கினார்கள் என்பதை அந்தச் சில நிமிடங்களில் கற்றோம். தறிக்கு வெளியே நெசவைக் காட்டிய நவஹோப் பெண்ணை அப்போது நினைத்துக்கொண்டோம்.

அக்காணொளியே வேறொரு பாடத்தையும் தந்தது. நடந்துகொண்டே பேசியதில் ஒரு வீட்டாரின் பழைய சண்டையையும் அவர் சொல்லிவிட்டார். பேத்தி அதைக் குடும்பத்தாரின் புலனக் குழுவில், அதாவது வாட்ஸ்அப்பில், பகிர்ந்தார். அங்கிருந்து அது எங்கெங்கோ போய், அந்த வீட்டாரையே சென்றடைந்து மனவருத்தத்தில் முடிந்தது. நாடா தொலைந்துபோனது ஒரு துன்பம். தொலைக்கவே முடியாமல் போனது இன்னொரு துன்பம். இலக்கவியல் ஊடகம் எடுப்பதை எளிதாக்கியிருக்கிறது. திரும்பப் பெறுவதை ஏறத்தாழ இயலாததாக்கியிருக்கிறது. நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கென இயற்றப்பட்டது. பாட்டியின் சொல்லைப் பேத்தி காக்க வேண்டிய பொறுப்பை நாம் அச்சட்டத்தின்மேல் சுமத்திவிட முடியாது.

மூன்றாவதாக ஒன்றையும் கண்டோம். பாட்டி சொன்ன வீட்டு வரிசையில் கங்காணி வீடும் கிராணி வீடும் தவறவில்லை. கடைசி வரிசையில் இருந்த சில குடும்பங்களின் பெயர்கள் விடுபட்டிருந்தன. அவ்வழி வந்த மாணவி ஒருத்தி, "எங்க வீட்டச் சொல்லவே இல்லையே" என்றாள். மக்கள் என்று நாம் ஒருமித்துச் சொல்லும் கூட்டத்துக்குள்ளும் மேல் கீழ் உண்டு. ஆண் பெண் உண்டு. கைப்பேசி வைத்திருப்பவர், இல்லாதவர் உண்டு. 'நாம்' என்பது ஆய்வாளர்க்கும் மக்களுக்கும் இடையில் மட்டும் சோதிக்க வேண்டிய சொல்லன்று. மக்களுக்குள்ளேயும் சோதிக்க வேண்டியது. அம்மாணவி அடுத்த வாரம் தன் பாட்டியோடு அதே மேட்டில் நடந்து இன்னொரு காணொளி எடுத்து வந்தாள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தே நாங்கள் பார்த்தோம்.

வகுப்பறைக்குச் சில

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எப்படிக் கையாளலாம் என்பதற்கு எங்கள் பட்டறிவிலிருந்து சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, எழுவாய்ச் சோதனை. மாணவர் எழுதிவரும் செயல்திட்ட அறிக்கையில் ஓம் என முடியும் வினை ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'நாம்' அல்லது 'நாங்கள்' என்று எழுதச் சொல்லுங்கள். தலைப்பைத் தேர்ந்தது, கருவியைப் பிடித்தது, படங்களில் வேண்டியதைப் பொறுக்கியது, அவற்றுக்குப் பெயரும் விளக்கமும் எழுதியது, இறுதியில் வைத்துக்கொண்டது ஆகிய ஐந்து இடங்களில் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். ஐந்திலும் 'நாம்' வரவேண்டும் என்பதில்லை. அது எப்போதும் இயலாது. 'நாங்கள்' என்று வரும் இடத்தில் அதை மறைக்காமல் எழுதுவதே போதிய தொடக்கம். இலக்கண வகுப்புக்கும் இது நல்ல பயிற்சி.

இரண்டாவது, இசைவு. ஆங்கிலத்திலோ மலாயிலோ அச்சிட்ட படிவத்தில் கையொப்பம் வாங்குவது இசைவாகாது. அவர் பேசும் தமிழில், யார் பார்ப்பார்கள், எங்கே இருக்கும், எதை நீக்கச் சொல்லலாம் என்பதைச் சொல்லிக் கேட்க வேண்டும். எடுக்கும் முன் ஒருமுறை, எடுத்ததைப் போட்டுக்காட்டிய பின் ஒருமுறை, பகிர்வதற்கு முன் ஒருமுறை என மும்முறை கேட்பது நன்று. பாட்டி எங்களிடம் கேட்ட கேள்வியை நாமே முந்திக்கொண்டு அவரிடம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, திரைக்கீழ் எழுத்து. இதில் மொழி ஆசிரியர்களுக்குத் தனிப் பொறுப்பு உண்டு. முதியவர் 'பால் வெட்டப் போவோம்' என்று சொல்ல, கீழே 'மரம் சீவச் செல்வோம்' என்று எழுதுகிறோம். 'மங்கு' என்றால் 'கிண்ணம்' என்றும், 'லயம்' என்றால் 'தொழிலாளர் குடியிருப்பு' என்றும் திருத்துகிறோம். நல்லெண்ணத்தில்தான் செய்கிறோம். ஆயினும் பார்ப்பவருக்கு அது, அவர் பேசியது பிழை என்று சொல்வதாகிறது. தோட்டத்தார் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். விளக்கம் வேண்டுமானால் பக்கத்தில் தாருங்கள். அஞ்சலட்டைக்குக் கீழே அன்று பிறர் நமக்கு எழுதிய பெயரை நினைத்தால், படத்துக்குக் கீழே எழுதுவது சிறு செயலன்று என்பது விளங்கும்.

நான்காவது, திருப்பிக் கொடுத்தல். ஒவ்வொரு காணொளிக்கும் ஒரு பிரதி, எடுக்கப்பட்டவர் வீட்டில் இருக்கட்டும். பெயர், ஊர், நாள் எழுதிய தாளும் அதனோடு இருக்கட்டும். அவர் கைப்பேசி வைத்திராதவராயின், சில ஒளிப்படங்களையாவது தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். அதற்குச் சில ரிங்கிட்டுக்கு மேல் செலவாகாது.

நிறைவாக

மூவார் இன்று தளவாடத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அத்தொழிற்சாலைகளிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் உழைக்கிறார்கள். ஒரு காலத்தில் நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். அன்று படக்கருவி இருந்த இடத்தில் இன்று நாம் நிற்கிறோம். சமூக வாழ்வு பற்றிய செயல்திட்டத்துக்காக நம் மாணவர் அவர்களைப் படமெடுக்கச் செல்லும் நாள் வரும். சில பள்ளிகளில் வந்தும் இருக்கலாம். கடவுச்சீட்டுத் தம் கையில் இல்லையோ, வேலை போய்விடுமோ என்ற அச்சத்தோடு வாழும் ஒருவர், மாணவர் கேட்டதும் 'சரி' என்று தலையசைத்தால், அது இசைவா, மறுக்க இயலாமையா என்று நாம் ஒருகணம் நின்று கேட்க வேண்டும்.

அவரின் பெயரைக் கேட்டு, அதை அவர் சொன்னபடி எழுதி, எதைக் காட்டலாம் எதைக் காட்டக் கூடாது என்பதை அவரையே சொல்லவிட்டு, எடுத்ததை முதலில் அவருக்குக் காட்டினால், நாம் கற்றது வீண்போகவில்லை என்று கொள்ளலாம். அவர் நல்ல சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றால், மாணவர்களே, தயவுசெய்து காத்திருங்கள்.